அம்பு தைத்த மான் – ஒரு மஸ்அலா விளக்கம்

சில வருஷங்களாக நம் வாலிபர்களிடையே வில் வித்தை மறுபடியும் தழைத்து வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் விடுமுறை நாளன்று பிள்ளைகள் வில்லும் கையுமாகத் திடலுக்குப் போகிறார்கள். நல்ல காரியந்தான். நபி இஸ்மாயீல் (அலை) அவர்கள் வில்லாளியாக இருந்ததையும், அவர்கள் வழிவந்தோர் அம்பெய்து பழகுவதை நமது ரஸூல் (ஸல்) அவர்கள் உற்சாகப்படுத்தியதையும் புகாரி ஷரீபில் காணலாம். ஹம்ஸா (ரலி) அவர்கள் வேட்டையிலிருந்து வில்லோடு திரும்பிய அன்றுதான், தம் சகோதரர் மகனுக்கு அபூஜஹில் இழைத்த அவமானத்தைக் கேட்டுக் கொதித்தெழுந்தார்கள் என்பது ஸீறா நூல்கள் கூறும் வரலாறு.

ஆனால் பலகையில் எய்து பழகிய பிள்ளை அதோடு நிற்பதில்லை. நம் சகோதரியின் மகன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஒரு நாள் கடைக்கு வந்து, “மாமு, நாம் ரெண்டு பேரும் பாலிங் பக்கம் மான் வேட்டைக்குப் போவோமா? வில்லால் அடித்தால் ஹலால்தானே?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையும், அதற்காகக் கிதாபுகளைப் புரட்டியதில் கிடைத்ததையும் இங்கே எழுதுகிறோம். மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதில் நேரடியான காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுவோம்.

முதலில் மான் என்றால் எந்த மான் என்று தெரிய வேண்டும். கெடாவின் காடுகளில் மூன்று வகை உண்டு. மலாய்க்காரர் ரூசா என்பது நம் ஊரில் கடமான் அல்லது மிளா எனப்படும். பெரிய கிடா இருநூறு கிலோவுக்கு மேலும் இருக்கும். கீஜாங் என்பது குரைக்கும் மான்; ஆட்டளவுதான். அந்தி நேரத்தில் காட்டோரத் தோட்டங்களில் நாய் குரைப்பது போல அது கத்துவதைப் பால்மரம் சீவிய பழைய ஆட்கள் நன்றாக அறிவார்கள். மூன்றாவது பெலாண்டோக், கஞ்சில் என்னும் சருகுமான். பூனையளவே இருக்கும், கொம்பு கிடையாது. சரியாகப் பார்த்தால் அது மான் ஜாதியே அல்ல என்று விலங்கு சாஸ்திரிகள் சொல்லுவார்கள். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் ஏமாற்றுவது இதுதான். 1994-ல் வந்த சின்னக் காருக்குப் பேர் வைத்ததும் இதைப் பார்த்துத்தான்.

அடுத்தது சர்க்கார் சட்டம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2010-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 716-ஆம் சட்டம் என்பது அதுவே. லைசென்ஸ் இல்லாமல் காட்டு மிருகத்தை வேட்டையாடவோ, அதன் இறைச்சியை வைத்திருக்கவோ விற்கவோ கூடாது. கண்ணி வைப்பது கடுமையான குற்றம். ரூசாவும் கீஜாங்கும் மிகவும் குறைந்து போனதால் 2009-ல் அவற்றின் வேட்டையையே நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தடை பிறகு நீட்டிக்கப்பட்டும் வந்தது. மான் குறைந்தால் புலிக்கு இரை குறையும், புலி மாட்டுக் கொட்டகைக்கு வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆகவே வேட்டை விலங்கு இலாகாவில் கேட்காமல் காட்டுக்குள் வில்லோடு நுழைவது அறவே கூடாத காரியம். இதைச் சொன்னதும் மருமகப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. “சட்டம் இடம் கொடுத்தால் மட்டும் போதுமா? ஷரீஅத் இடம் கொடுக்கிற மாதிரி உனக்கு எய்யத் தெரியுமா?” என்று கேட்டோம். இந்தக் கட்டுரையின் கருவே அந்தக் கேள்விதான்.

கெடாவில் வில்லால் மான் அடித்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். பாலிங் பக்கம் லுபுக் லெகோங் என்னும் இடத்தில் வாழும் கென்சியூ என்ற பூர்வகுடி மக்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அவர்களும் அவர்களைச் சேர்ந்த பிற காட்டு மக்களும் முற்காலத்தில் வில் பிடித்தவர்கள் என்று 1906-ல் வெளிவந்த ஸ்கீட், பிளாக்டன் என்னும் இரு வெள்ளைக்காரர்களின் பெரிய நூல் கூறுகிறது. பின்னால் வில் கழிந்து, ஊதுகுழலான சும்பித்தான் மிஞ்சியது. அம்பு முனையில் ஈப்போ மரத்தின் பாலைக் காய்ச்சித் தடவுவார்கள். பேராக்கிலுள்ள ஈப்போ பட்டணத்துக்கு அந்த மரத்தின் பேர்தான். அந்தப் பால் இரத்தத்தில் கலந்தால் மிருகத்தின் இருதயம் நின்றுவிடும். அம்பு சிறியதானாலும் விஷம் வேலையை முடிக்கும். அவர்களுக்கு அது ஜீவனம். தம் சொந்த உணவுக்காகச் சில மிருகங்களை வேட்டையாட 716-ஆம் சட்டமும் அவர்களுக்கு இடம் விட்டிருக்கிறது. நமது பிக்ஹுப்படி விஷ அம்பின் கதை வேறு. மிருகம் அம்பால் செத்ததா, விஷத்தால் செத்ததா? ஆகுமான காரணம் ஒன்றும் ஆகாத காரணம் ஒன்றும் கூடி உயிரைப் போக்கினால் ஆகாததே மேலோங்கும் என்பது இமாம்கள் வகுத்த விதி. உயிரோடு பிடித்து அறுத்தால் ஒழிய அந்த மான் நமக்கு ஆகாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது? அதீ இப்னு ஹாத்திம் (ரலி) என்ற ஸஹாபி கேட்ட கேள்விகளிலிருந்து வந்தது. கொடைக்குப் பேர் போன ஹாத்திம் தாயீயின் மகன் அவர். வேட்டைக்கார வம்சம். இஸ்லாத்தில் சேர்ந்த பிறகு, ரஸூல் (ஸல்) அவர்களிடம் அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். மொத்தச் சரக்கு வாங்கும் வியாபாரி ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்ப்பது போல இருக்கும். இறகில்லாத கனத்த அம்பால் அடித்தால்? கூர்முனை தைத்தால் உண்ணலாம். அம்பு குறுக்காக விழுந்து அடிபட்டுச் செத்தால் தடியால் அடித்துக் கொன்றதற்குச் சமம், உண்ணக் கூடாது. தண்ணீரில் விழுந்து கிடந்தால்? கூடாது, கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது. ஒரு நாள் கழித்துக் கண்டால்? உன் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் இல்லையானால் உண்ணலாம். இவை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்திகளின் சாரம். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: எது கொன்றது என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?

அம்பு ஆகும், தடி ஆகாது என்பதன் சூட்சுமமும் இதில் விளங்கும். கூரானது தைத்தால் இரத்தம் ஓடுகிறது. அறுப்பதிலும் நாடுவது அதையே. கழுத்தை அறுக்க முடியாமல் ஓடுகிற காட்டு மிருகத்துக்கு, உடம்பில் எங்கே தைத்தாலும் அதுவே அறுப்பின் இடத்தில் நிற்கும் என்று ஷரீஅத் இளக்கம் தந்திருக்கிறது. இளக்கம் தந்த இடத்தில்தான் நிபந்தனையும் அதிகம். எய்பவர் முஸ்லிமாகவோ வேதக்காரராகவோ இருக்க வேண்டும். எய்யும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். இது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்து. ஹனபியில் கட்டாயம், மறந்தால் மட்டும் மன்னிப்பு. காயல்பட்டணத்தாரும் கீழக்கரையாரும் ராவுத்தமாரும் ஒரே மேஜையில் சாப்பிடும் நமது ஊரில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிறகு கத்தி. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஒரு மஸ்அலா உண்டு. நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். வேட்டைக்காரன் மானை எட்டிவிட்டான். அதற்கு இன்னும் உறுதியான உயிர் இருக்கிறது. அறுக்க வேண்டும். ஆனால் கத்தி கொண்டுவரவில்லை. அல்லது கத்தி உறையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. இதற்குள் மான் செத்துவிட்டது. அந்த மான் ஹராம்! ஏனென்றால் குறை அவனுடையது. உறையில் சிக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு ஏன் போனான்? நமது கம்பத்து மலாய் வேட்டைக்காரர்கள் துப்பாக்கி வெடித்த மறுகணமே பாராங்கை உருவிக்கொண்டு ஓடுவதன் காரணமும் இதுவே.

இவ்வளவும் சொன்ன பிறகு, “வார்த்தை போதும், செய்து பார்ப்போம்” என்று ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மருமகப் பிள்ளையுடன் கோல கெட்டில் பக்கம் புறப்பட்டோம். அங்கே நம் சிநேகிதர் ஒருவருக்குச் சொந்தமான பால்மரத் தோட்டம் உண்டு. சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது. அவர் மட்டும் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார். மருமகப் பிள்ளை கீஜாங் அளவில் நுரைப் பஞ்சால் செய்த மான் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதை ஓடைக்கரைச் சரிவில், மரங்களுக்கு இடையே நிறுத்தினோம். இருபத்தைந்து எட்டுத் தூரம். திடலில் அந்தத் தூரத்துக்கு அவன் அம்பு ஒன்றுகூடத் தவறியதில்லை.

பன்னிரண்டு அம்பு எய்தான். ஐந்து அம்பு முன்னங்காலுக்குப் பின்னால், இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் தைத்தன. நான்கு வயிற்றிலும் தொடையிலும். இரண்டு காணாமல் போயின. தேடித் தேடி ஒன்றைத்தான் எடுத்தோம். மிச்சம் ஒன்று ஒரு தாழ்ந்த கிளையில் உரசிப் புரண்டு, குறுக்காக மானின் முதுகில் விழுந்தது. நாம் அதைக் கையில் எடுத்துக் காட்டி, “அதீ (ரலி) கேட்ட முதல் கேள்வி இதுதான்” என்றோம். திடலிலே கால் சமமான தரையில் இருக்கும், வெளிச்சம் நேராக விழும். இங்கே சரிவு, நிழல், முகத்தில் கொசு. போதாததற்கு இந்த மான் அசையவே இல்லை!

அவன் வயிற்றில் தைத்த அம்புகளைப் பிடுங்கிக்கொண்டே, “இந்த நாலும் செத்திருக்கும்தானே மாமு?” என்றான். செத்திருக்கும். எப்பொழுது, எங்கே என்பதுதான் கேள்வி. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்பு இரத்தத்தை வடித்தே கொல்லும். நுரையீரலில் தைத்தால் மான் சிறிது தூரத்தில் விழுந்துவிடும். வயிற்றில் தைத்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வில் வேட்டை இன்று பெரிதாக நடப்பது அமெரிக்காவில். விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைக் காலத்தை 1934-ல் ஏற்படுத்தினார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் செய்தன. அங்கே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் யாதெனில், அம்பு எய்தபின் அரை மணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்திரு; வயிற்றில் பட்டதென்று தெரிந்தால் இன்னும் பல மணி நேரம் பொறு; அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் அடிபட்ட மான் எழுந்து வெகுதூரம் ஓடிவிடும், கிடைக்காமலே போகும் என்பதாகும். வேட்டைக்காரனின் அனுபவத்தில் அது சரியான பாடமாகவே இருக்கலாம். இங்கிலாந்துக்காரர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள்: 1963-ஆம் வருஷத்து மான் சட்டத்தின் மூலம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மானின் மேல் அம்பு எய்வதையே தடுத்துவிட்டார்கள்.

நமக்குச் சிக்கல் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. உயிரோடு எட்டினால் அறுப்பது கடமை. ஹனபி கிதாபுகள், தேடுவதை விட்டு உட்கார்ந்துவிட்டவனுக்கு, பிறகு செத்துக் கிடைத்த வேட்டை ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்லுகின்றன. ஷாபிஈயிலும் அவன் அசட்டையால் செத்தது ஆகாது. அமெரிக்கக்காரன் படித்துக் கொடுத்தபடி உட்கார்ந்தால் இறைச்சியின் ஹலால் கெடும். கிதாபில் உள்ளபடி எழுந்து போனால் மான் ஓடும். மருமகப் பிள்ளை இதை உடனே பிடித்துக்கொண்டான். “துரத்தினால் அதற்கு இன்னும் வேதனைதானே? அதுவும் பாவம்தானே?” என்றான். நியாயமான கேள்வி. நாம் யோசித்துச் சொன்ன பதில் இது. பத்வா என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்காரவும் துரத்தவும் தேவைப்படாத எய்தலை மட்டுமே எய்ய வேண்டும். பன்னிரண்டில் ஐந்து என்ற கைக்கு அது இருபத்தைந்து எட்டில் இல்லை. பத்து எட்டில் இருக்கலாம். பத்து எட்டுக்குள் காட்டு மானை நெருங்குகிறவன் எத்தனை விடியற்காலைகள் சும்மா திரும்ப வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மான் கண்ணுக்கு மறைந்து, பிறகு செத்துக் கிடைத்தால் என்ன என்ற விஷயத்தில் உலமாக்களிடையே நீண்ட பேச்சு உண்டு. மின்ஹாஜில், காயப்பட்டு மறைந்து பின் செத்துக் கிடைத்தது ஹராம் என்பதே வலுவான சொல்லாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதே நவவீ இமாம் தமது வேறு நூல்களில், ஹதீஸ்களின் பலத்தைப் பார்த்தால் ஆகும் என்பதே சரியானது என்று சாய்ந்திருக்கிறார்கள். தாம் எழுதிய சட்ட நூலில் மத்ஹபின் சொல்லை உள்ளபடி வைத்துவிட்டு, தம் மனத்துக்குப் பட்டதை வேறிடத்தில் தெரிவித்த அந்தப் பேணுதல் நம்மை வியக்க வைக்கிறது. மூன்று நாள் கழித்துக் கிடைத்தாலும் நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்ற கருத்தில் அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி முஸ்லிமில் உண்டு. அது அரபு நாட்டு வறண்ட பூமி. கெடாக் காட்டில் ஒரு ராத்திரி போதும். இறைச்சி கெடும், உடும்பு கடித்திருக்கும், பன்றி கிளறியிருக்கும். பிற பிராணியின் காயம் கலந்துவிட்டால் அதீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பதில்படியே அது கூடாது.

இன்னொன்று. உண்ணும் நோக்கமின்றி வெறும் விளையாட்டுக்காக உயிரைக் கொல்வது கண்டிக்கப்பட்டது. உயிருள்ளதைக் கட்டிவைத்து அம்புக்கு இலக்காக்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு பறவையைக் கட்டிவைத்து எய்து பழகிய குறைஷி வாலிபர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த வரலாறும் உண்டு. நமது தமிழ் முஸ்லிம்களுக்கு மான் என்றாலே உமறுப் புலவரின் சீறாப்புராணம் நினைவுக்கு வரும். வள்ளல் சீதக்காதி மரைக்காயரும் அபுல்காசிம் மரைக்காயரும் ஆதரித்த புலவர் அவர். ஆதரித்தவர்கள் இருவரும் நம்மைப் போல வியாபாரிகள். அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று உண்டு. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மன்றாட, நபி பெருமானார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. இது காவியம், சட்ட நூல் அல்ல. எனினும் குட்டி ஈன்ற பெண்மானின் மேல் எய்யக் கை வருகிறதா என்று ஒவ்வொரு வேட்டைக்காரனும் தன்னையே கேட்டுப் பார்க்கலாம். அன்று ஓடைக்கரைச் சேற்றில் கீஜாங்கின் குளம்புத் தடம் ஒன்றும், அதன் பக்கத்தில் அதில் பாதியளவுள்ள தடம் ஒன்றும் இருந்தன. மருமகப் பிள்ளை குனிந்து வெகுநேரம் பார்த்தான். நாமும் அவனிடம் ஒன்றும் பேசவில்லை.

இனி முன்பே சொன்ன கடைக் காரியம். சாயங்காலம் கடையின் பின்வாசலில் ஒருவர் பையோடு வந்து, “ரூசா இறைச்சி, தவுக்கே, சல்லிசாகத் தருகிறேன்” என்று சொல்லுவது நம்மில் பலருக்கு நேர்ந்திருக்கும். வாங்கி மசாலாவில் போட்டுவிட்டால் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. வாங்குமுன் கேட்க வேண்டியவை உண்டு. லைசென்ஸ் எங்கே? அது இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். விற்றவரோடு வாங்கிய கடைக்காரரும் மாட்டிக்கொள்வார். அடித்தவர் யார்? எதனால் அடித்தது? கண்ணியில் கழுத்து இறுகிச் செத்ததானால் குர்ஆன் 5-ஆம் சூராவின் தொடக்கத்திலேயே அதன் பேரைச் சொல்லித் தடுத்தாகிவிட்டது. துப்பாக்கியானால் உயிரோடு எட்டி அறுத்தார்களா என்று கேட்க வேண்டும். ஏனெனில் குண்டு, கூர்மையால் அல்லாமல் வேகத்தால் நொறுக்கிக் கொல்கிறது என்பது ஷாபிஈ, ஹனபி இரு சாராரின் பிற்கால உலமாக்களிலும் பலர் சொல்லிய சொல். ஆகும் என்று சொல்லும் இக்கால உலமாக்களும் உளர். ஆனால் பல மத்ஹபுக்காரரும் வந்து உண்ணும் கடையில் பேணுதலான பக்கத்தையே பிடித்துக்கொள்வது நமக்கும் வாடிக்கைக்காரருக்கும் நிம்மதி. கேட்ட கேள்விக்குப் பதில் இழுத்தடித்து வந்தால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மான் இறைச்சிதான் வேண்டும் என்றால் பண்ணையில் வளர்த்த தீமோர் ரூசா நாட்டில் கிடைக்கிறது. அதிலும் ஒரு மஸ்அலா இருக்கிறது. வேலிக்குள் நம் கைவசம் இருக்கும் மான் வேட்டை மிருகம் அல்ல. ஆட்டைப் போல மாட்டைப் போலக் கழுத்தை அறுத்தே ஆக வேண்டும். வேலிக்கு உள்ளே நிற்கும் மானை எவ்வளவு சரியாக எய்து, எத்தனை பிஸ்மில்லாஹ் சொல்லி வீழ்த்தினாலும் அது அறுப்பாகாது. பண்ணைக்காரர் ஒருவர் வில் பழகும் பிள்ளைகளை வேலிக்குள் விட்டுக் காசு வாங்கலாமா என்று மருமகப் பிள்ளையின் சிநேகிதன் கேட்டானாம். அவனுக்கு இந்தப் பத்தியைக் காட்டச் சொல்லியிருக்கிறோம்.